கையில் கட்டி என்று சொன்னார்கள்

மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு செய்து முடிந்து சில கிழமைகள் கழித்து, படம் எடுத்த பெடியன் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். அல்பம் அச்சுக்குப் போகமுதல் நாங்கள் ஒருக்கால் பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். விறாந்தையில் ஒரு கதிரையில் கணினியை வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போனான். நான் மகளுக்கு ஆலத்தி எடுக்கிற படம் வந்ததும் நிறுத்தினான்.

"அன்ரி, கையைக் கொஞ்சம் மெல்லிசாக்கி விடட்டோ?"

பின்னாலிருக்கும் திரைச்சீலையின் நிறத்தை மாற்றட்டோ என்று கேட்ட அதே குரலில்தான் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் விரலால் இரண்டு இழுவை இழுத்தான். தட்டை ஏந்திய என் கைகளின் கீழே தொங்கிக்கொண்டிருந்த தோல் இல்லாமல் போனது. வேறு யாருடையவோ கைகள் என் தோளில் இருந்து புறப்பட்டு என் மகளுக்கு ஆலத்தி எடுத்தன.

"இப்ப பாருங்கோ, பிள்ளைக்குத் தமக்கை மாதிரி இருக்கிறியள்" என்றான். பக்கத்தில் நின்ற என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் போனபின் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்தக் கைகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவள். சண்டை முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்த முதல் வருடங்களில் நிறையச் சாப்பிட்டேன். சந்தோசத்தில் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற உடம்பு, சோற்றைக் கண்டதும் நிறுத்தத் தெரியாமல் தின்றது. சில வருடங்களில் கதிரையில் இருந்து எழும்பக் கை ஊன்ற வேண்டிய அளவுக்குப் பருத்துவிட்டேன். பிறகு சீனி வருத்தம் வந்தது. கிளினிக்கில் டொக்டர், உடம்பைக் குறைக்காவிட்டால் ஒருநாள் காலைக் குறைக்க வேண்டி வரும் என்று சொன்னார். அன்றிலிருந்து விடியற்காலையில் வாய்க்கால் கட்டால் நடந்தேன். குரக்கன் பிட்டும் கீரையும் சாப்பிட்டேன். மெல்ல மெல்லப் பாதி ஆளானேன்.

எல்லோரும் மெச்சினார்கள். கொழுப்புப் போனாலும் தோல் போகாது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. வயிற்றுத் தோலைச் சீலை மறைக்கும். கையை எது மறைக்கும்? கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால், காற்றுப் போன பை மாதிரி அது ஆடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், உங்கட கையில பை தொங்குது" என்றது. கேலியில்லை. கண்டதைச் சொன்னது. மறுநாள் முழுக்கைச் சட்டை தைக்கக் கொடுத்தேன். எங்கள் ஊர் வெயிலில் முழுக்கைச் சட்டைக்குள் மடிப்புகள் அவிந்து புண்ணாகின. கெட்ட மணம் மணத்தது. ஆசிரியர் அறையில் யன்னல் ஓரக் கதிரையைப் பிடித்துக்கொண்டு தனியே இருக்கப் பழகினேன். வீட்டில் கணவரின் கை பட்டால் தோளைத் திருப்பிக்கொள்வேன். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். அவர் கேட்காதது எனக்கு இன்னும் அந்தரமாக இருந்தது.

கனடாவில் இருக்கும் தம்பியின் மனைவிதான் ஒருநாள் தொலைபேசியில், இப்படித் தோலை வெட்டித் தைக்கிற ஒப்பிறேசன் சென்னையில் செய்கிறார்கள், இங்கிருந்தும் ஆட்கள் போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள் என்றாள். கொழும்பிலும் செய்யலாம். ஆனால் கொழும்பில் தெரிந்த முகம் ஏதாவது எதிர்ப்படும் என்று பயந்தேன். தம்பி மற்றதையெல்லாம் ஒழுங்கு செய்தான்.

கணவரிடம் சொன்னபோது அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உமக்கு இப்ப என்ன குறை?" என்றார்.

"குறை எண்டு நான் சொல்லேல்லை. எனக்கு ஏலாமக் கிடக்கு."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அரிவு வெட்டு முடியட்டும். நானும் வாறன்" என்றார். எங்கள் வயல் அந்தப் போகம் நல்லாய் விளைந்திருந்தது.

புறப்படுவதற்குச் சில நாள் முன்னர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து அக்கா வந்தா. உறவில்லை. ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவா என்னை ரீச்சர் என்பா. புருசனைச் சண்டையின் கடைசி மாதங்களில் இழந்தவா. ஒரே மகன் கட்டாரில் வேலை செய்தான். இரண்டு மாடு வைத்துப் பால் கொடுத்துக்கொண்டு தனியே இருந்தா. சத்தமாய்க் கதைப்பா, அதைவிடச் சத்தமாய்ச் சிரிப்பா. நாங்கள் இந்தியா போகிறோம் என்று கேள்விப்பட்டு என்ன ஏது என்று கேட்க வந்திருந்தா. நான் உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் கணவர் பதில் சொல்வது கேட்டது.

"அவவுக்குக் கையில ஒரு கட்டி. வெட்டி எடுக்கவேணுமாம்."

நான் வெளியே வந்தேன். அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. "பிள்ளையை நான் பாப்பன். நீங்கள் சுகமாப் போட்டு வாங்கோ" என்றா. போகத் திரும்பியவா நின்று, "நோகுதோ ரீச்சர்?" என்று கேட்டா.

"இல்லை அக்கா."

"நோகாத கட்டியையும் வெட்டவேணுமோ?"

"ஓம், சில கட்டியள் அப்பிடித்தான்" என்று கணவர் எனக்கு முந்திச் சொன்னார்.

அவா போனபின், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பின்னை என்னத்தைச் சொல்லுறது? கை வடிவாகவேணும் எண்டு இந்தியாவுக்குப் போறா எண்டு சொல்லட்டே? சனம் சிரிக்கும்" என்றார். அதைவிட நல்ல சொல் என்னிடமும் இருக்கவில்லை.

பலாலியில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்குள் கணவர் யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருவருக்கும் அதுதான் முதல் விமானம். ஆஸ்பத்திரி பெரிய கண்ணாடிக் கட்டடம். டொக்டர் மரியாதையான மனிதர். தழும்பு இருக்கும், அவர் அக்குள் என்று சொன்ன கமக்கட்டில் இருந்து முழங்கை வரை நீளமாக இருக்கும், சீனி வருத்தக்காரருக்குக் காயம் ஆறப் பிந்தலாம் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியும், ஓம் என்று தலையாட்டினேன்.

ஒப்பிறேசனுக்கு முதல் படம் எடுக்க வேண்டும் என்று நீலத் துணிக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். மேற்சட்டை இல்லாமல் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார்கள். அப்படிக் கையை நீட்டி நின்று எனக்குப் பழக்கம் உண்டு. சோதனைச் சாவடிகளில் எத்தனை பெண்களின் கைகள் என் உடம்பைத் தடவியிருக்கும். அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். இங்கே தாதி, "கண்ணை மூட வேணாம்மா, முகம் படத்துல வராது" என்றாள். பிறகு "சிலோனா?" என்று கேட்டாள். டொக்டர் வந்து தடித்த பேனையால் என் கைகளில் கோடு போட்டார். வெட்டிக் கழிக்கப் போகிற பகுதிக்குள் பெருக்கல் குறி மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளடிகள் இட்டார்.

விழித்தபோது இரண்டு கைகளும் தலையணைகளின் மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கமக்கட்டுகளில் இருந்து மெல்லிய குழாய்கள் வந்து சிவப்புத் தண்ணீரை ஒரு போத்தலில் இறக்கின. முதல் முறை கட்டு அவிழ்த்தபோது நான் பார்த்தேன். வீங்கித்தான் இருந்தன. இருந்தாலும் மெல்லிய கைகள். உள்ளே ஒரு நேர்கோட்டுத் தையல். அந்தக் கைகளை நான் கணினியில் ஏற்கெனவே கண்டிருந்தேன். அழுதேன். தாதி நோவில் அழுகிறேன் என்று நினைத்து ஊசி போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த நாட்களில் கணவர்தான் எனக்கு எல்லாம். சோறு குழைத்து வாயில் தீத்தினார். முகம் கழுவினார். தலையிழுக்கத் தெரியாமல் சீப்பைச் சிக்கவைத்து, அதை எடுக்கத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு கிட்ட இருந்ததில்லை. அந்த நாட்களில் நான் அவரிடம் இருந்து தோளைத் திருப்பவில்லை. என் வாழ்க்கையில் அந்தக் கைகளால் எனக்குக் கிடைத்த சந்தோசம் அவ்வளவுதான். அது அந்த லொட்ஜ் அறையோடு முடிந்துபோனது.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளிலேயே இடது கமக்கட்டு விரிந்தது. முதலில் ஒரு நூல் அறுந்தது போலிருந்தது. பிறகு காய்ச்சல். பிறகு கெட்ட மணம். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருத்தி கட்டை அவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா.

"இது எங்க செய்தது?"

"சென்னையில."

"என்னத்துக்கு?"

நான் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஏசவில்லை. ஆனால் மருந்து கட்டுகிற தாதி போய் இன்னொரு தாதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளும் வந்து பார்த்தாள். கணவர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவித்தலை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் போல நின்றார்.

அதன்பின் கிழமைக் கணக்கில் மருந்து கட்டினார்கள். இடது பக்கம் ஆற முதல் வலது பக்கத் தையலும் கொஞ்சம் விட்டது. சீனி ஏறியது. ஒருவழியாக ஆறியபோது தழும்பு கயிறு முறுக்கினது போலத் தடித்துச் சிவந்து முழங்கை வரை ஓடியது. இரவும் பகலும் அரித்துக் கடித்தது. இடது கையில் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மரத்துப்போயின. தோளுக்கு மேலே கையைத் தூக்க முடியவில்லை.

இதற்கிடையில் ஊர் வேறொரு கதையைக் கட்டி முடித்திருந்தது. பார்க்க வந்தவர்கள் தோடம்பழமும் பால்மா ரின்னும் கொண்டுவந்தார்கள். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். கட்டி என்று கணவர் சொன்னது அவர்கள் வாயில் கான்சர் ஆகியிருந்தது. மெலிந்ததும் அதனால்தான் என்று சொன்னார்கள். அதிபர், நீங்கள் ஆறுதலாக வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். மெச்சியவர்கள் எல்லோரும் இப்போது பரிதாபப்பட்டார்கள். மகள் பாடசாலையில் இருந்து வந்து, "அம்மா, நீங்கள் செத்துப் போவியளோ எண்டு பெட்டையள் கேக்கினம்" என்றாள். அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா ஒவ்வொரு நாளும் பால் கொடுத்துவிட்டு வருவா. என்னை முற்றத்தில் கதிரையில் இருத்தி எண்ணெய் வைத்துத் தலையிழுத்துப் பின்னிவிடுவா. ஒருநாள் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, எனக்குக் கட்டி ஒண்டும் இல்லை" என்றேன்.

சீப்பு நிற்கவில்லை. "சரி ரீச்சர்."

"மெய்யாத்தான் சொல்லுறன். உடம்பு மெலிஞ்ச பிறகு தோல் தொங்கினது. அதைத்தான் வெட்டினது. இவர் சும்மா ஒரு கதைக்குக் கட்டி எண்டு சொல்லிப்போட்டார்."

"உங்களுக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லாதேங்கோ. நான் ஆரிட்டையும் கதைக்கமாட்டன்."

"அக்கா..."

"ரீச்சர், தோல் வெட்டுறதுக்கு ஆராவது கடல் கடந்து போவினமே? அதுவும் சீனி வருத்தத்தோட? நீங்கள் படிச்ச மனிசி."

அவா சொன்ன மாதிரிக் கேட்டுப் பார்த்தால் எனக்கே அது நம்பக்கூடிய கதையாக இல்லை.

இன்னொரு நாள் அவா வந்தபோது கணவர் வீட்டில் எனக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு தாதி அவருக்குப் பழக்கிவிட்டிருந்தாள். இடது கமக்கட்டில் அப்போது விரல் நுழையக்கூடிய பள்ளம் இருந்தது. அதற்குள் மருந்துத் துணியைத் திணிக்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினேன். நிமிர்ந்தபோது அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முகத்தில் இரத்தம் இல்லை. திரும்பிப் போய்விட்டா. சில நாட்கள் வரவில்லை. மாட்டுக்குச் சுகமில்லை என்று மகளிடம் சொல்லியனுப்பினா. பிறகு வந்தா. ஆனால் இடது கையால் தலையிழுக்கத் தொடங்கினா. வலது தோள் உளைகிறது என்றா.

எனக்குச் சுகம் வந்தால் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக அக்கா நேர்ந்திருந்தா. இல்லாத கட்டிக்கு என்ன நேர்த்தி என்று நினைத்தாலும், மறுக்க மனம் வரவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். சனம் நெரிந்தது. உடையார்கட்டைத் தாண்டும்போது அக்கா வெளியே காட்டி, "சண்டைக்குள்ள இந்தப் பக்கத்திலதான் எங்கட தரப்பாள் கொட்டில் கிடந்தது" என்றா. அந்த வழியில் போகிற பஸ்ஸில் யாரும் அதற்கு மேல் சொல்வதில்லை.

கோவில் வளவில் ஒரு மரத்தின் கீழே கல் வைத்து அக்கா பொங்கினா. நான் தேங்காய்ப்பாலைக் கூட ஊற்ற முடியாமல் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பால் பொங்கி வழிந்தபோது அவா கும்பிட்டா. பிறகு நெருப்பைத் தணித்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து ஒட்டி இருந்தா. சுற்றிவர ஒவ்வொரு அடுப்புக்கும் ஒவ்வொரு குடும்பம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

"ரீச்சர், உங்களுக்கு இருந்தமாதிரி எனக்கும் ஒண்டு கிடக்கு" என்றா.

என் இடது கையைப் பிடித்துச் சீலைத் தலைப்பின் கீழே கொண்டுபோய்த் தன் வலது மார்பின் ஓரத்தில் வைத்தா. மரத்துப்போன விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவாவைப் பார்த்தேன். அவா என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தா. பிறகு வலது கையால் தொட்டேன். கல்லு. தோலை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற கல்லு. கமக்கட்டிலும் சின்னதாக ஒன்று.

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் இந்தியாவுக்குப் போகமுதலே. நோகேல்லை. அதுதான் அண்டைக்கு உங்களைக் கேட்டனான்." அடுப்புச் சாம்பலை ஒரு தடியால் கிளறினா. "நீங்கள் உயிரோட திரும்பி வந்தால் நானும் போய்க் காட்டுவம் எண்டு இருந்தனான். வந்தியள். ஆனா அந்தக் கமக்கட்டை நான் கண்டனான் ரீச்சர். நீங்கள் கத்தினதும் கேட்டுது. எனக்கு உங்கட மனிசன் மாதிரி மருந்து வைச்சுக் கட்ட ஆர் இருக்கினம்?"

"அக்கா, அது கட்டி வெட்டின காயம் இல்லை. நான் அண்டைக்கும் சொன்னனான். எனக்குக் கட்டியே இல்லை."

"எனக்குப் பயம் போகவேணும் எண்டு சொல்லுறியள்."

நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினேன். அத்தனை சனத்துக்கு நடுவில் அந்தத் தழும்பை முதல் முறையாக வெளியே காட்டினேன். "பாருங்கோ. ஒரு கட்டிக்கு ஆராவது இவ்வளவு நீளத்துக்கு வெட்டுவினமே? ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வெட்டுவினமே?"

அக்கா தழும்பை மெல்லத் தடவிப் பார்த்தா.

"பெரிய கட்டியாக்கும்" என்றா. "ரெண்டு பக்கமும் பரவியிருந்திருக்கு, என்ன?"

பக்கத்து அடுப்பில் யாரோ பொங்கல் பானையைச் சுற்றிக் குரவையிட்டார்கள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

கட்டாருக்குத் தொலைபேசி எடுத்து மகனைக் கொண்டு சொல்வித்து, அழுது, சண்டை பிடித்து, கடைசியில் அவாவைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்த அதே டொக்டர்தான். அக்காவைச் சோதித்துவிட்டு, என்னை வெளியே அழைத்து, "இவ்வளவு காலம் என்ன செய்தவா?" என்று கேட்டா.

அங்கிருந்து தெல்லிப்பளைக் கான்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டது, வெட்டிப் பயனில்லை என்றார்கள். அதைக் கேட்டு அக்கா ஆறுதலாக மூச்சு விட்டதை நான் கண்டேன். வெட்டமாட்டார்கள் என்பது மட்டும்தான் அவாவின் காதில் விழுந்திருந்தது. மருந்து ஏற்றுவதற்கு மாறி மாறிப் பஸ்ஸில் போய் வந்தோம். தலைமயிர் கொட்டியது. மாடுகளை என் கணவர்தான் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மருந்து ஏறி வாந்தி எடுக்கும்போது அவா என்னிடம், "உங்களுக்கும் இப்பிடித்தான் சத்தி வந்ததோ ரீச்சர்?" என்று கேட்பா. முதலில் இல்லை என்றேன். இல்லை என்றால் தன்னுடையது என்னுடையதைவிட மோசம் என்று நினைத்துக் கலங்கினா. பிறகு ஓம் என்று சொல்லப் பழகினேன். "பாருங்கோ, நீங்கள் இப்ப எவ்வளவு சுகமா இருக்கிறியள்" என்று அவாவே தன்னைத் தேற்றிக்கொள்வா.

காலபோக விதைப்புத் தொடங்க முதல் அவா போய்விட்டா. கடைசி நாட்களில் என்னை அடையாளம் தெரியவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, யாரோ ஒருவரை வாய்க்காலைக் கடக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தா.

மகன் வந்து கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் செய்து முடித்து, சனம் எல்லாம் போனபின் என்னிடம் வந்தான். நல்ல பிள்ளை. தாயின் சிரிப்பு அவனிடம் இருந்தது என்று முன்பு சொல்வார்கள். அன்றைக்கு நான் அதைக் காணவில்லை.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டோ? உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே வருத்தம் எண்டுதான் அம்மா எனக்குச் சொல்லுறவா. உங்களுக்குச் சுகப்பட்டது. அம்மாவுக்கு ஏன் சுகப்படேல்லை? அந்தச் சென்னை டொக்டரிட்ட அம்மாவைக் கொண்டு போயிருக்கவேணுமோ?"

அவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான் என்று விளங்கியது. எனவே எல்லாவற்றையும் சொன்னேன். உடம்பு மெலிந்தது, தோல் தொங்கினது, நான் எதற்குப் போனேன் என்பது, கட்டி என்று சொன்ன கதை, எல்லாம். அவன் உடனே நம்பினான். கட்டாரில் இப்படிக் கை, வயிறு செய்துகொள்கிற பெண்களைத் தான் வாகனத்தில் ஏற்றி இறக்கியிருப்பதாகச் சொன்னான்.

"இது அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ரெண்டு தரம் சொன்னனான், தம்பி. அவா நம்பேல்லை."

அவன் ஒருமுறை என் கைகளைப் பார்த்தான். முழுக்கைச் சட்டைக்குள் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்தான். "சரி ரீச்சர்" என்றான். அடுத்த கிழமை மாடுகளை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதற்காக நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

நான் இப்போது திரும்பவும் பாடசாலைக்குப் போகிறேன். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறேன். மற்ற ஆசிரியர்கள், தப்பிப் பிழைத்தவள் என்று எனக்கு ஒரு மரியாதை தருகிறார்கள். கதிரை இழுத்துப் போடுகிறார்கள். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்கிறேன். கேட்கிறவர்கள் என் தோளைத் தட்டி, அதையெல்லாம் இனி நினைக்காதேங்கோ என்கிறார்கள். தழும்பு மழைக்காலத்தில் இழுக்கிறது. கைகள் மெலிந்துதான் இருக்கின்றன.

அக்காவைப் பற்றி நானும் கணவரும் வெகுநாள் கதைக்கவில்லை. போன கிழமை வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் வரம்பில் இருந்து சாப்பிட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடு அங்கிருந்து தெரியும். வேலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

"அண்டைக்கு நான் என்னத்தைச் சொல்லியிருக்கவேணும்?" என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு திரிந்தாரோ தெரியாது. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

"உள்ளதைச் சொல்லியிருந்தால் அவா உம்மட காயத்தைப் பாத்துப் பயந்திருக்கமாட்டா. போய்க் காட்டியிருப்பா. இல்லையோ?"

"தெரியாது."

"இல்லாட்டி அப்பவும் போயிருக்கமாட்டாவோ?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தண்ணீர் மறிக்கப் போனார். நான் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு வாய்க்கால் கட்டால் வீட்டுக்கு நடந்தேன்.